பறக்காத விமானத்துக்கு ஒரு பட்ஜெட்

விடுமுறைக்கு டெல்லியிலிருந்து வந்து அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினால், அப்பாவோடு எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியே மாலையும் கையுமாக நிற்கிறது. எந்த மந்திரி இறங்குகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மாலை எனக்குத்தான்.

எனக்குக் கடற்படைக் கணக்குப் பிரிவில் வேலை. விமானம் தாங்கிக் கப்பல்களுக்குப் போர் ஜெட் வாங்க எந்த வருடம் எவ்வளவு ஒதுக்குவது என்று திட்டம் போடும் இடத்துக்கு அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். வெளியே அதிகம் பேசக் கூடாது. அதனால் போனில் அப்பாவிடம், "விமானத்துக்கு நிதி ஒதுக்குற பிரிவுப்பா" என்று மட்டும் சொன்னேன். ஊரில் எல்லாரும் சொல்வதுபோல ஏரோபிளேன் என்றிருந்தால் வம்பே இல்லை. பெரிய உத்தியோகம் அல்லவா, வாயில் சுத்தத் தமிழ் வந்துவிட்டது!

எங்கள் ஊரில் விமானம் என்றால் கோயில் கருவறைக்கு மேலே இருப்பது. அது விரிசல் விட்டு, சரிசெய்யப் பணமில்லாமல் கும்பாபிஷேகம் தள்ளிக்கொண்டே போனது. "எம் பொண்ணு டெல்லியில பணம் வாங்கித் தருவா" என்று அப்பா கமிட்டிக்கு வாக்கே கொடுத்துவிட்டார்.

ஊருக்குப் போகும் வேன் உடையார்பாளையம் தாண்டும்போதுதான் கமிட்டிக்காரர்கள் பேச்சிலிருந்து எனக்கு இது புரிந்தது. கோயில் வாசலில் எல்லாரும் உட்கார்ந்ததும் போட்டு உடைத்தேன். "நான் சொன்னது பறக்குற விமானங்க."

முந்திரித் தோப்புவரை கேட்கும்படி சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் ஆபீஸ் பேச்சை எடுத்துவிட்டேன்.

"ஜெட்டு விலை முதல் செலவுதாங்க. பராமரிப்பு, உதிரி பாகம், ஓட்டுறவங்களுக்குப் பயிற்சின்னு பின்னால வர்ற எல்லாத்தையும் சேத்துதான் நாங்க திட்டம் போடுவோம். இங்க விரிசல அடைச்சிடுவீங்க. அப்புறம் மேல முளைக்கிற அரசஞ்செடிய வருசா வருசம் யாரு புடுங்குறது?"

விரிசலுக்கே அந்தச் செடிதான் காரணம். கமிட்டித் தலைவர் கனைத்துக்கொண்டு, "அந்தத் திட்டத்த நீயே போட்டுக் குடும்மா. கமிட்டியிலயும் சேந்துக்க" என்றார். அதுவரை அதில் பெண்கள் யாரும் இருந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

கூட்டம் கலையும்போது ஒருவர் அப்பாவைச் சீண்டினார்.

"பணம் வாங்கித் தரேன்னீங்களே, எங்கங்க?"

அப்பா நிமிர்ந்தார். "பணத்ததான கேட்டீங்க? நான் ஆளையே குடுத்துட்டேன்ல!"