முழுப்பேர் கேட்ட பெட்டி

எங்கள் சின்ன மாமா மரியதாஸ் அமிர்தநாதனைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் முழுப் பொய் சொன்னதில்லை. முழு உண்மை சொன்னதுமில்லை. அவர் கொழும்பில் கம்பியூட்டர் படித்துவிட்டு ஹட்டனில் பெரிய வேலையில் சேர்ந்தார் என்பார் அம்மா. சேர்ந்தது உண்மைதான், ஆனால் அந்த இயந்திரத்தைவிட அவர்தான் அதிகம் தடுமாறினார் என்பார் மாமாவின் மனைவி பெற்றீசியா அத்தை. இருவர் சொன்னதையும், சம்பவம் நடந்த அன்று சங்க மண்டபத்தில் இருந்த வேறு சிலர் சொன்னதையும் ஒப்பிட்டு, முரண்படாத பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாமா பிறந்தது கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். கணக்கில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தபடியே மாலை வகுப்பில் கம்பியூட்டர் படித்தார். 1986இல் அவர் ஊர் திரும்பியபோது கையில் ஒரு சான்றிதழும், கழுத்தில் ஒரு டையும், வாயில் ‘ஆக்சுவலி’ என்ற சொல்லும் இருந்தன. டையைக் கழற்றுவது எளிதாக இருந்ததாம். சொல்லைக் கழற்றத்தான் அத்தை பாடுபட்டாராம்.

அந்த ஆண்டு ஹட்டனில் மலைச்சாரல் கூட்டுறவுச் சங்கத்துக்கு யாரோ வெளிநாட்டு நண்பர்கள் சிறிய கம்பியூட்டர் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பார்ப்பதற்கு மூடி போட்ட டைப்ரைட்டர் போல இருக்கும். சங்க மண்டபத்து டீவியோடு இணைத்தால் எழுத்துகள் திரையில் தெரியும். தோட்டங்களிலிருந்து வரும் அங்கத்தவர்களைப் பதிவு செய்ய அது உதவினால் மாமாவின் வேலை நிரந்தரம். உதவாவிட்டால் பெட்டி அலுமாரிக்குள், மாமா கொழும்புக்கு. சங்கச் செயலாளர் லோரன்ஸ் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். பெற்றீசியாவின் தகப்பனாரும் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவருமான கஸ்பர், மேலும் தெளிவாகச் சொன்னார்:

“வேலை நிரந்தரமாகட்டும் மாப்புள. அப்புறம் ஓலை படிக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட பேசுவோம்.”

ஓலை படிப்பது என்றால், கோயிலில் பூசையின்போது மணமக்களின் பெயரைச் சபைக்கு அறிவிப்பது. ஆக, மாமாவின் கல்யாணம் அந்தப் பெட்டியின் நடத்தையைப் பொறுத்ததாயிற்று.

ஆங்கிலத்தில் கேட்டால் எங்கள் சனங்களுக்கு விளங்காது என்பது வரையில் மாமா நியாயமாகவே யோசித்தார். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து கம்பியூட்டருக்குள் ஏற்றினார். ‘ழு’ மட்டும் கட்டத்துக்குள் அடங்காமல் வால் வெளியே நின்றது. விசைகளின் மேல் தமிழ் எழுத்துத் துண்டுகளை ஒட்டினார்.

“பக்கத்துல ஆளே தேவையில்ல. அதுவே கேக்கும், அதுவே பதிஞ்சிக்கும்” என்றார்.

முன்கூட்டியே சோதித்தும் பார்த்தார். சோதனைக்கு உட்பட்டவர் ஒருவரே, அவரும் மாமாவே. தாம் எழுதிய கேள்விகள் அனைத்தும் தமக்கு நன்றாக விளங்கியதில் அவருக்குப் பரம திருப்தி.

சோதனை நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. டீவி போட்டிருப்பதைப் பார்த்துப் படம் காட்டப்போகிறார்கள் என்று வந்தவர்களே அதிகம். முதலில் உட்கார்ந்தவர் ராக்காயி என்ற கொழுந்து பறிக்கும் பெண். திரையில் வந்தது: ‘முழுப் பெயர்?’

ராக்காயி தயங்கினார். “தம்பி, உள்ளதத்தான் சொல்லணுமா?”

“உள்ளதத்தாங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். அதுவே கேக்கும்.”

ராக்காயி எழுத்தெழுத்தாகத் தேடி ‘அரை’ என்று அடித்தார். திரை மரியாதையாகச் சொன்னது: ‘வணக்கம், அரை அவர்களே.’

தோட்டத்தில் ‘பேரு’ என்றால் ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு. நாள் முழுக்க உழைத்தால் முழுப்பேரு, பாதியில் இறங்கினால் அரைப்பேரு. ராக்காயி அன்று காய்ச்சல் என்று மத்தியானமே மலையிலிருந்து இறங்கியவர், உண்மையைச் சொன்னார். அடுத்து உட்கார்ந்த ஆண்டியப்பன் முழுநாள் உழைத்தவர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ‘ஆமா’ என்று அடித்தார். ‘வணக்கம், ஆமா அவர்களே’ என்றது திரை. லயத்தில் பிறந்து வளர்ந்த மாமாவுக்கு இந்தச் சொல் தெரியாததன்று; கொழும்பில் எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தார்.

மூன்றாமவர் வேலாயி எப்படியோ பெயரைச் சரியாகவே அடித்துவிட்டார். ஆனால் வயதை எண்ணில் போடாமல் எழுத்தில் அடித்தார். பெட்டி கரகரவென்று அலறியது. திரை முழுக்கக் கொட்டை எழுத்து: ‘பிழை! பெயரை வெட்டவா?’

வேலாயி துள்ளி எழுந்தார். “என்னா பிழ செஞ்சேன் நானு? வந்து உக்காந்த ஒடனே பேர வெட்டவான்னு கேக்குது! பேர வெட்டுனா இன்னைக்கிப் பட்ட பாட்டுக்கு யாரு பதில் சொல்றது?”

“கங்காணியே தேவல” என்றார் ஆண்டியப்பன். “அந்தாளு நல்லா ஏசிட்டுத்தான் வெட்டுவாரு.”

மண்டபம் சிரித்தது. படம் இல்லாத குறை தீர்ந்தது.

லோரன்ஸ் கண்ணாடியைத் துடைத்தார். “அமிர்தம், நம்ம சங்கத்துல இப்ப ரெண்டு அங்கத்தவர் இருக்காங்க. ஒருத்தர் அரை, இன்னொருத்தர் ஆமா.”

“ஆக்சுவலி சார், கம்பியூட்டர் சரியாத்தான் வேல செய்யுது. ஆளுங்கதான்...”

பின்வரிசையில் இருந்த பெற்றீசியா கேட்டார்: “அப்ப ஆளுங்கள மாத்திருங்க. அதுக்குக் கொழும்புல எத்தன மாசம் கோர்ஸ்?”

லோரன்ஸ் அடுத்த சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அன்றைக்கும் வேலாயிதான் முதலில் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. கஸ்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

இம்முறை லயத்துச் சனங்களிடமே கேள்விகளைச் சோதித்துப் பார்க்க மாமா முடிவு செய்தார், ஆனால் பெட்டியை லயத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. பக்கத்து நோட்டன் பிரிட்ஜ் அணையில் பிறந்த மின்சாரம் எங்கெங்கோ எரிந்தது. பக்கத்து லயங்களுக்கு மட்டும் வந்து சேரவில்லை. எனவே மாமா ஒரு பிஸ்கட் பெட்டியில் சதுர ஓட்டை போட்டு டீவியாக்கி, கேள்விகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக உள்ளே செருகினார். பதிலை எதிரில் இருப்பவர் தாளில் எழுத வேண்டும். அவர் எழுதும்போது மாமா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால், இருக்கும் எல்லோருக்கும் கடையில் பனிஸ் ரொட்டி வாங்கித் தர வேண்டும் என்று பெற்றீசியா விதி வகுத்தார்.

“பேசு தம்பி, பேசு” என்று ராக்காயி தூண்டினார். “பசிக்குது.”

முதல் மாலை எல்லோரும் வயிறாரத் தின்றார்கள். ‘பெயர்’ போய் ‘உங்க பேரு என்னங்க?’ வந்தது. எப்படி எழுதுவது என்று காட்டுவதற்காக அதன் கீழ் ‘லெட்சுமி’ என்று மாதிரிக்குப் போட்டார். ராக்காயி லெட்சுமி என்று எழுதினார். ஆண்டியப்பனும் லெட்சுமி என்றே எழுதினார்.

“ஒங்க பேரு லெட்சுமியா அண்ணே?” மாமாவால் பொறுக்க முடியவில்லை.

“நீதானப்பா காட்டுன. பெட்டிக்குப் புடிச்ச பேருபோலன்னு நெனச்சேன். சரி, பனிஸ் எங்க?”

மாதிரி போயிற்று. அலறலுக்குப் பதில் சேவல் கூவட்டும் என்றார் ராக்காயி. அது பெட்டியால் ஆகாது என்பதால் ஒரு சின்ன ‘டிங்’கோடு நின்றது. ‘பிழை’யும் ‘வெட்டவா’வும் நீக்கப்பட்டன. அந்த வாரத்தில் மாமா கற்றுக்கொண்டது கம்பியூட்டரை அல்ல, பின்னால் கைகட்டி நின்று வாயை மூடிக்கொண்டு பார்ப்பதை.

சனிக்கிழமை வேலாயி வர மறுத்தார். “என்னயப் பிழன்னு சொன்ன பெட்டி முன்னால நான் எதுக்கு உக்காரணும்?” ராக்காயிதான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தார்.

திரையில் வந்தது: ‘உங்க பேரு என்னங்க?’

“இப்பத்தான் மருவாதி தெரிஞ்சிருக்கு” என்று வேலாயி பெயரை அடித்தார். அடுத்து வயது. மறுபடியும் எழுத்திலேயே அடித்தார். மாமா வாயைத் திறந்தார், பெற்றீசியாவைப் பார்த்தார், டையின் நுனியைக் கடித்துக்கொண்டார். லோரன்ஸ் பேனாவை மூடினார். கஸ்பர் தொப்பியை எடுத்தார்.

‘டிங்’ என்றது பெட்டி. ‘எனக்கு எழுத்துல வெளங்கலங்க. வயச நம்பர்ல போடுங்க.’

“அதுக்குப் படிப்பு அவ்வளவுதான் போல” என்று இரக்கப்பட்ட வேலாயி, எண்ணைத் தேடி அடித்தார்.

‘வணக்கம் வேலாயி. உங்கள பதிஞ்சாச்சு.’

வேலாயி திரும்பிப் பார்த்தார். “அடியே ராக்காயி, பாத்தியா? நீ அரை. நான் முழுசு.”

கஸ்பர் தொப்பியைத் திரும்ப வைத்தார். மறுநாள் பூசைக்குப் பிறகு லோரன்ஸ் நியமனத்தைக் கஸ்பரிடமே உறுதிப்படுத்த, கஸ்பரும் மாமாவும் பெற்றீசியாவுமாக ஃபாதரின் அறைக்குப் போனார்கள். ஃபாதர் பேனாவை எடுத்துக் கேட்டார்: “மாப்பிள்ளையோட முழுப்பெயர்?”

மாமா யோசித்தார். சற்று அதிகமாகவே யோசித்தார்.

“ஃபாதர், அப்பிடிக் கேட்டா அவருக்கு வெளங்காது” என்றார் கஸ்பர். “உங்க பேரு என்னங்கன்னு கேளுங்க.”