பாப்பா பேரில் வந்த பணம்

கிளாம்பாக்கத்தில் பின்னிரவில் ஏறிய பேருந்து, காலை ஏழு மணிக்குக் கடலூரில் என்னை இறக்கிவிட்டது. புதுச்சேரி வரை தூங்கினேன். அங்கே நடத்துநர் யாருடனோ சில்லறைக்குச் சண்டை போட்டதில் தூக்கம் போய்விட்டது. மாசி மாதப் பனி இன்னும் விலகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பேரிடரிலும் போரிலும் சிக்கிய ஊர்களில் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் திட்டங்களை நடத்துவது என் தொழில். அரிசி மூட்டை வேண்டாம், போர்வை வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், எது தேவை என்று அவர்களுக்கே தெரியும் என்பது எங்கள் கொள்கை. தெற்கு சூடானிலும் யேமனிலும் இதைத்தான் செய்தேன். சொந்த மாநிலத்தில் இந்த வேலை இதுதான் முதல் தடவை. நான் திருச்சிக்காரி. கடலூர் மாவட்டத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன்.

கார்த்திகையில் தென்பெண்ணை கரை உடைத்துக்கொண்டு வந்து போனதும், ஆற்றோரக் குடும்பங்களுக்குப் பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கி, மாதம் மூவாயிரம் ரூபாய் வீதம் மூன்று தவணை போடுவதாக ஏற்பாடு. இரண்டு தவணை போட்டாயிற்று. சில கணக்குகளில் யாரும் கையே வைக்கவில்லை. எடுக்காதவர்களுக்குத் தேவை இல்லை என்று சென்னைத் தலைமை அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. இந்த வாரத்துக்குள் தகுந்த காரணம் சொல்லாவிட்டால் மூன்றாம் தவணை நின்றுவிடும். அப்படித் தொங்கலில் இருந்த பெயர்களில் ஒன்று கௌசல்யா. பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அடுத்த மாதம் பொதுத்தேர்வு.

எங்கள் களப்பணியாளர் குமரவேல் பைக்கோடு காத்திருந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர். முப்பது வயதுக்குள் முழுச் சொட்டை, அதைப் பற்றி அவரே முதலில் கிண்டல் செய்துவிடுவார். பண்ருட்டி சாலையில் மேல்பட்டாம்பாக்கம் வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். வழி நெடுக, சாய்ந்த கரும்பின் மேல் படிந்த வண்டல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. சுவர்களில் இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளம் நின்ற கோடு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடுகளிலும் அந்தக் கோடு மங்கலாகத் தெரிந்தது.

மேல்பட்டாம்பாக்கம் தாண்டி, ஆற்றுப் பக்கமாக ஒரு மண் பாதை. கௌசல்யாவின் வீட்டில் பின்பக்கச் சுவர் இல்லை. நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அம்மா அஞ்சலை, நூறுநாள் வேலைக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தார். வந்தவர்களுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லையே என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்தக் கூச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

"பணம் வந்தது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். போன்ல மெசேஜ் வந்துச்சி."

"கார்டு தொலைந்துவிட்டதா?"

அவர் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து வந்தார். பிரித்தால் ஏடிஎம் கார்டு. அதன் மூலையில் குங்குமம் வைத்திருந்தது.

"பாப்பா பேர்ல வந்த காசாச்சே. நாங்க எப்பிடித் தொடறது?"

முதலில் எனக்குப் புரியவில்லை. குமரவேல்தான் விளக்கினார். "இதுல என்னா மேடம் இருக்குது. இங்க அப்பிடித்தான். எங்கப்பா, கட்டிக்குடுத்த எங்கக்கா வூட்டுக்குப் போனா பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. பொண்ணு காசத் தின்னுட்டான்னு ஒரு பேச்சு வந்துடக்கூடாது பாருங்க."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"இத போயி எதுக்கு மேடம் சொல்றது?" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. தண்ணீரைப் பற்றி மீன் என்ன சொல்லும் என்பது போல இருந்தது அவர் பார்வை.

எங்கள் திட்டத்தில் ஒவ்வொரு தவணையின்போதும் ஒரு குரல் செய்தி போகும். 'இது உங்கள் குழந்தையின் பணம். உங்கள் குழந்தைக்கு மட்டும்' என்று ஓர் இனிமையான பெண் குரல் சொல்லும். சென்னைக் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்த வாக்கியம் அது. பணம் சாராயக் கடைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுதியது. அது ஏழுமலையின் காதில் 'நீ தொடாதே' என்று விழுந்திருக்கிறது என்பதை அஞ்சலைதான் சொன்னார்.

ஏழுமலை, கௌசல்யாவின் அப்பா. வெள்ளம் வடிந்ததும் வீட்டுச் சேற்றை வாரும்போது துருப்பிடித்த தகரம் காலைக் கிழித்திருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கரும்பு வெட்டப் போனார். வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாது.

"மொதல்லயே டாக்டர்கிட்ட காட்டி, பத்து நாளு படுத்துக்கினு இருன்னேன். சோத்துக்கு என்னா பண்றதுன்னாரு. பாப்பா காசுதான் இருக்குதேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். செருப்பால அடிப்பேன்னாரு. அதுக்கு மேல நான் என்னாத்த சொல்றது?"

தை முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் இன்னும் படுத்திருக்கிறார். அங்கே வைத்தியத்துக்குக் காசு வாங்கவில்லை, நன்றாகத்தான் பார்க்கிறார்கள். போனதில்தான் தாமதம்.

"கௌசல்யா பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா?"

"போயிருக்கா மேடம்" என்றார் அஞ்சலை. அவர் தலைக்கு மேலே கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு செட்தான் வெள்ளத்தில் தப்பியது என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார். நான் சீருடையைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அஞ்சலை சொன்ன அடையாளத்தை வைத்து, கௌசல்யாவை அண்ணாகிராமம் போகும் வழியில் ஒரு முந்திரிக் கொட்டகையில் பார்த்தோம். வறுத்த கொட்டையின் புகை கண்ணைக் கரித்தது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதற்காகக் கையில் சாம்பல் பூசியிருந்தார்கள். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் அவளை வெளியே அனுப்பினார். ஒல்லியான பெண். நெற்றியில் விபூதியா சாம்பலா என்று தெரியாத ஒரு கீற்று.

"பரிச்சைக்கு ஒக்கார வுடுவாங்களா மேடம்?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

தலைமையாசிரியரிடம் பேசுகிறேன், வீட்டுச் செலவுக்கு அந்தப் பணத்தை எடுக்கலாம், நீ இங்கே வர வேண்டியதில்லை என்றேன்.

"அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"நான் சொல்கிறேன்."

"சொல்லுங்க. ஆனா நான் வேலைக்குப் போறத மட்டும் சொல்லிடாதீங்க. காலு போனத விட அவருக்கு இது பெருசா இருக்கும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே அது நிற்காது என்று தோன்றியது.

பகல் பதினொன்றரைக்கு, ஏழுமலையைப் பார்க்க, அஞ்சலையும் நானும் கடலூருக்குப் பஸ் ஏறினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மட்டும்தான் டிக்கெட் வாங்க வேண்டும். அந்தக் காசுக்காகவே வாரத்துக்கு ஒரு தடவைதான் புருஷனைப் பார்க்கப் போகிறாராம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். முதுநகர் தாண்டியதும் ரசாயன ஆலைகளின் நெடி பேருந்துக்குள் வந்தது. என்னைத் தவிர யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், நான் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து, "புதுசா?" என்று மட்டும் கேட்டார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வந்து போயின. அஞ்சலை மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் துவைத்த லுங்கி, ஒரு பாட்டில் தண்ணீர்.

சிதம்பரம் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கிழக்குக் கோபுரம் தெரிகிறதா என்று திரும்பிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அண்ணாமலை நகரின் அகலமான சாலைகளில் மாணவர்கள் சிரித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அவர்கள் மேலும் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

ஏழுமலை ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். அஞ்சலை வாசலில் வாங்கிய டீயை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன். பணத்தை வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் கூடத்தான் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப போன்ல ஏன்மா கொழந்தைக்கு மட்டும்னு சொன்னீங்க?"

தவறாகச் சொல்லிவிட்டோம் என்றேன்.

"பரவால்ல. இனிமே எனக்கு என்னாத்துக்கு? வெட்டியாச்சு. அது பாப்பாவுக்கே கெடக்கட்டும். அது படிக்குது. நல்லா படிக்குது." டம்ளரை உயர்த்திக் காட்டினார். "பாருங்க, இந்த டீ கூட இவ கூலி வேல செஞ்ச காசு. பொண்ணு காசுல ஒரு வாய் தண்ணி குடிச்சவன் இல்ல நான்."

பெருமைதான் அது. அந்த வார்டில் அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் தரையைப் பார்த்தேன். இந்த மனிதர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பெண் நாளையும் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவாள். சம்மதிக்க வைக்க என்னிடம் ஒரே ஒரு செய்தி இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

சொன்னது அஞ்சலை. குரலை உயர்த்தவில்லை.

"அது அவ காசுதான். டீயும் அவ காசு, நான் வந்த பஸ்சும் அவ காசு. முந்திரி ஒடைக்கப் போறா. பொங்கலு முடிஞ்சதுலேர்ந்து ஸ்கூலுக்குப் போவல."

பக்கத்துக் கட்டிலில் ரேடியோ போல ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். ஏழுமலை மனைவியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிடுவார், அல்லது வீசுவார் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் இருந்தது. ஆறியும் போயிருக்கும். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். குடித்து முடித்துவிட்டு டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

"கார்ட எடுத்துக்கினு போயி பணத்த எடு. அது வேலைக்குப் போறத நிறுத்து" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்தோம். அஞ்சலை அன்று இரவு அங்கேயே தங்குவதாகச் சொன்னார். நான் செய்து கொடுத்த காரியம் என்று எதையும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒரு மனிதனிடம் இருந்த கடைசிப் பொருளை இரண்டு பெண்கள் சேர்ந்து பிடுங்கியது போலத்தான் இருந்தது. அது தேவையான காரியமாகவே இருந்தாலும்.

மாலை சிதம்பரத்திலிருந்து கடலூர் பேருந்து. யேமனில் ஒரு தகப்பன், பிள்ளைக்கு வந்த பணத்தில் தனக்குச் செருப்பு வாங்கினான். அதற்காக நன்கொடை தந்தவர்களிடம் நான் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறேன். செருப்பு இருந்தால்தான் வேலைக்குப் போவான், அவன் போனால்தான் பிள்ளை சாப்பிடும் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அங்கே இவ்வளவு தெளிவாகத் தெரிந்த விஷயத்தை, என் சொந்த மொழியில் ஒரு வரி செய்தியாகச் சொல்லத் தெரியாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

பேருந்திலிருந்தே சென்னைக்குப் பேசி, தவணையை நிறுத்த வேண்டாம், அந்தக் குரல் செய்தியை மாற்ற வேண்டும் என்றேன். அப்பாவின் வைத்தியத்துக்கும் செலவழிக்கலாம் என்று கட்டாயம் இருக்க வேண்டும் என்றேன். சரி என்றார்கள். தலைமையாசிரியரையும் கூப்பிட்டேன், நல்லவர். திங்கட்கிழமை அனுப்பி வையுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏதோ கொஞ்சம் மூச்சு வந்தது.

முதுநகர் நெருங்கும்போது குமரவேல் கூப்பிட்டார். அவரைக் கொட்டகைக்குப் போய் கௌசல்யாவிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

"சொல்லிட்டேன் மேடம். அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னும் சொன்னேன். நாளைக்கே நின்னுடும்மான்னேன். சனிக்கெழம வரைக்கும் வரேன்னு சொல்லிட்டா. சனிக்கெழமதான் கூலி போடுவாங்களாம்."

"பணம்தான் எடுக்கப் போகிறார்களே, இன்னும் எதற்கு?"

"அது வூட்டுக்காம் மேடம். இது அவ சொந்தக் காசாம். அப்பாவுக்குப் பழம் வாங்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவணுமாம். இப்ப அவருக்குத்தான் தெரியுமே, இனிமே மறைக்காம கொடுக்கலாமேன்னு சொல்றா."

வாங்கிக்கொள்வாரா என்று குமரவேல் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.