பின்சுவர் நிழலில் கனகாம்பரம்

எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தில் ஆய்வக ஜன்னலின் வெளி விளிம்பில் நசுங்கிய கேன் மூடி ஒன்று இருக்கிறது. எந்தக் கேனுக்கும் அது பொருந்தாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கேன் கழுவும் அக்கா தினமும் காலையில் தலையிலிருந்த பூச்சரத்தை எடுத்து, அந்த மூடியில் ஒரு கை தண்ணீர் விட்டு, சரத்தை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். பூவைக் கழற்றச் சொன்னது நான்தான்.

பால்வளத்தில் டிப்ளமோ முடித்துத் தரப் பரிசோதகராக வந்த முதல் மாதம் அது. பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. சுகாதாரக் குறைகள் என்று பன்னிரண்டு எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மூன்றாவது, பணியாளர்கள் பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது. ஏழாவது, கட்டிடத்தின் வடபுறம் கழுவுநீர் தேங்கி நாறுகிறது, சிமெண்ட் தளம் போட வேண்டும். மூன்றாவதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கையில் பிரஷ்ஷோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளதானுங்க கூடாது? வெளிய?"

"வெளிய உங்க இஷ்டம்க்கா."

"இதையும் அதுல எழுதிக்கிட்டீங்களா மேடம்?"

நான் எழுதவில்லை. அடுத்த வாரம் அவர் மொரப்பூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய கனகாம்பரக் குச்சிகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். நேராக வடபுறம் போனார். அங்கே ஒரு பக்கம் கட்டிடச் சுவர், மறுபக்கம் புங்க மரம். காலையில் சிறிது நேரம் தவிர வெயில் எட்டாது. சுவரடியில் பாசியைத் தவிர எதுவும் வளர்ந்ததில்லை. வேன் டிரைவர் வேலி ஓரம் நின்று சிரித்தார். "ஏக்கா, சாக்கடையில பூத்தா சாமி கூட வாங்காது." அக்கா நிமிரவில்லை. "சாமிக்கு யாரு வெச்சா? எனக்கு வெக்கறேன். நீ போயி வண்டியத் தொடை."

முதல் நடவு முழுதும் அழுகிப்போனது. கனகாம்பரத்துக்கு நிழல் பிடிக்கும், ஈரமும் பிடிக்கும், ஆனால் வேர் தண்ணீரில் நிற்கக் கூடாது. அக்கா அழுகிய குச்சிகளைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு மண்ணைக் கூட்டிச் சுவரோரம் வரப்புபோல மேடு கட்டினார். கழுவுநீர்க் குழாய் வந்து விழும், எப்போதும் சேறாக இருக்கும் பள்ளத்தில் கல்வாழை, அதற்கு அடுத்து வெள்ளை லில்லி, மேட்டின் மேல் மறுபடி கனகாம்பரம். தண்ணீரையும் பிரித்தார். பால் கலந்த முதல் அலசல் டீக்கடைக்காரரின் எருமைக்கு, சலவை சோடா போட்டுக் கழுவிய தண்ணீர் பழையபடி கழிவுத் தொட்டிக்கு, கடைசியாக அலசிய தண்ணீர் மட்டும் செடிகளுக்கு. இவற்றை நான் பாடத்தில் படித்திருந்தேன். ஆனாலும் என் ஏழாவது குறிப்பில் சிமெண்ட் என்று மட்டுமே எழுதியிருந்தேன். நிழலில் கல்வாழை இலையாகத்தான் பெருத்தது, பூ குறைவு. கனகாம்பரம் மட்டும் தளரவில்லை. வடபுறத்து இருட்டில் அந்தக் காவி நிறம் ஜன்னல் வழியே தெரியும். நாற்றம் எந்த நாளில் நின்றது என்று நான் குறித்து வைக்கவில்லை. நல்ல செய்தியைக் குறிக்க என் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

மறு ஆண்டு என் ஏழாவது குறிப்புக்கு அனுமதி வந்தது. ஜல்லியும் மணலும் இறங்கின. மேஸ்திரி செடிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி அளவு பார்த்தார். அக்கா மறிக்கவில்லை, அழவில்லை, கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றபோதுதான் பேசினார்.

"எழுதுனது நீங்கதானுங்க. நீங்களே அழிச்சுடுங்க."

அவர் குரலில் கெஞ்சல் இல்லை. கேனில் பால் வாடை போகவில்லை என்று நான் திருப்பி அனுப்புவேனே, அதே குரல்தான் அது. மேஸ்திரியிடம் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். செடிகளுக்கு அக்கா வெட்டியிருந்த வாய்க்காலில் இரண்டு கேன் தண்ணீரை விட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றேன். அரை மணிக்குள் எல்லாம் உறிஞ்சிப்போனது. கல்வாழைப் பள்ளத்தில் மூன்று இடத்தில் சோதனைக் குழாயில் நீர் எடுத்துப் பார்த்தேன். கொசுப்புழு இல்லை. அதையெல்லாம் எழுதி, கடைசியில், "ஏழாம் எண் குறிப்பு தவறு. எழுதியவள் நானே" என்று கையெழுத்துப் போட்டேன்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "ஏம்மா, தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா உம் பேருதான கெடும்? வந்து ரெண்டு வருசம்கூட ஆவல."

"கெட்டாக் கெடட்டுங்க சார். தப்பு என்னோடதுதானே."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"இதையே காட்டுங்க சார்."

ஜல்லியும் மணலும் முன்பக்கம் வேன் நிற்கும் சேற்றுக்குப் போயின. எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அதை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. அக்கா நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை ஒரு முழச் சரத்தை என் மேசை மேல் வைத்துவிட்டு, "கேட்டத் தாண்டி வெச்சுக்கோங்க மேடம், ரூல் இருக்குதில்ல" என்று போனார்.

பிறகு, கேன் கழுவ ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் மாறினார். பழைய ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள், அக்காவையும். அதற்காக நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கடைசி நாளில் அவர் குச்சிகளில் பாதியை வெட்டிச் சாக்கில் சுற்றினார். இப்போது மொரப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். "இங்கயும் கை கழுவுற தண்ணி சும்மாதான் போவுது" என்றார் போனில்.

போன வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி புதிய படிவத்தை நீட்டினார். வளாகத்தில் தேவையற்ற செடிகள் உள்ளனவா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அவர் பேனாவால் ஜன்னலைக் காட்டினார். "அப்ப அது என்னங்க?"

"அது தேவையான செடிங்க சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், ஜன்னல் விளிம்பில் கிடந்த நசுங்கிய மூடியைப் பார்த்தார். அதில் இப்போது கிடப்பது என்னுடைய சரம். அன்று ஆய்வும் வேலையும் முடிந்ததும் வெளியே போய், ஈரம் சொட்டச் சொட்ட அதை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டைத் தாண்டி நின்று தலையில் வைத்துக்கொண்டேன்.