எண்ணூறு கிராம்

விளையாட்டுத் துறையின் சாமான் அறையைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவரை மாணவர்கள் எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றே கூப்பிடுவார்கள். எந்தப் பார்பெல்லின் பூட்டு வழுக்கும் என்பது அவருக்குத் தொட்டாலே தெரியும். மாதம் ஒருமுறை எடைமேடையில் இருபது கிலோ தட்டை வைத்துச் சரிபார்ப்பார். அப்படிச் செய் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு நலப் பொறுப்பாளர் வேண்டும், அது பெண்ணாக இருந்தால் நல்லது என்று பல்கலைக்கழகத் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. பளுதூக்கும் கிளப்பில் கோச் யோசிக்கவே இல்லை. “ஸ்டோர் அம்மா பேரைப் போடுங்க. வாயில்லாப் பூச்சி,” என்றார். புகார்ப் பெட்டி ஒன்று வாங்கி, வெளியே வைத்தால் மழையில் நனையுமாம், கோச்சின் அறைக்குள்ளேயே மாட்டினார்கள். சாவியும் அவரிடமே. குழுப் படம் எடுத்து, பிஸ்கட் தின்றார்கள். மாணவர் நலம் அன்றைக்கே பரிபூரணமாகிவிட்டது.

ஒரே ஒரு தவறு செய்தார்கள். கடிதத்தோடு வந்த ஆறு பக்க விதிகளைக் கையெழுத்துக்கு அக்காவிடம் அனுப்பினார்கள். குழுவில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை. வந்த சரக்கை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது அக்காவுக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் வைத்திருந்து முழுவதும் வாசித்தார். ஆபத்து என்று கண்டால் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் வீரரைப் போட்டியிலிருந்து விலக்கலாம் என்று நான்காம் பக்கத்தில் இருந்தது.

போட்டிக்கு முந்தைய நாள் பிற்பகல் நாலரை மணிக்கு, நாற்பத்தொன்பது கிலோ பிரிவில் தூக்க வேண்டிய இரண்டாம் வருட மாணவி ஸ்டோருக்கு வந்தாள். வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடிவிட்டு வந்திருந்தாள். எடைமேடையிலிருந்து இறங்கியவள் அலமாரியைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்தாள்.

“கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?”

“நேத்து காலைல அக்கா. கோச் வாயைக் கொப்பளிச்சுத் துப்பத்தான் சொன்னாரு. இன்னும் எண்ணூறு கிராம்தான் குறைக்கணும்.”

“எங்கேயிருந்து எடுப்ப? மூளையிலேர்ந்தா? அதை உங்க கோச் முன்னாடியே எடுத்துட்டாரே.”

அக்கா அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்; எடை கூடிவிடும் என்று அவள் வாங்கவில்லை. அவளைப் போட்டியிலிருந்து விலக்குவதாக ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த கட்டடத்திலிருந்த போட்டி அலுவலகத்தில் அதைக் கொடுத்து, ரசீதும் வாங்கிவந்தார். பத்து நிமிடத்தில் கோச் வந்துவிட்டார்.

“ஏம்மா, பந்தை எண்ணினோமா போனோமான்னு இருக்க மாட்டியா?”

“நீங்கதான சார் என் பேரைப் போட்டீங்க.”

“அது சும்மா பேருக்கு.”

“பேரு என்னோடது சார்.”

மாணவி கோச்சைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தாள். “நாலு மாசம் உழைச்சேன். கெடுத்துட்டீங்கக்கா,” என்று அழுதாள். கோபப்பட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அக்கா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அவள் கையில் கொடுத்தார். அவள் விக்கலுக்கு நடுவே ஒரு மடக்கு குடித்தாள், நிறுத்தினாள், பிறகு பாட்டிலைக் கீழே வைக்காமல் குடித்தாள்.

கோச் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தத் தாளைத் திரும்ப வாங்க இன்னும் நேரம் இருக்கிறதா என்று கிளப் செயலாளருக்குப் போன் போட்டார். பெண் எப்படியிருக்கிறாள் என்று செயலாளரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கே போட்டி அலுவலகத்தை மூடியிருந்தார்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில், அனுபவக் குறைவு காரணமாக என்று எழுதி, அக்காவின் பெயரை நீக்கிக் கோச்சின் மச்சானின் பெயரைச் சேர்த்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.