கார் டிக்கியில் புகார்க் கட்டு

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இன்றைக்குத் தாயில்பட்டிப் பக்கம் எனக்கு மூணு பட்டாசுக் கம்பெனி. விருதுநகரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற கல்லூரிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர். டாக்டர் பட்டம் வாங்கினவர்களே நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

என் தம்பி அதே கல்லூரியில் நிர்வாக அலுவலர். சிவகாசியில் நான் லோடு ஏற்றி, அவனை எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தேன். வேலை போட்டுக்கொடுத்ததும் நான்தான். ஐம்பத்தாறு வயதில் அவன் மறுபடி படிக்கக் கிளம்பினான். கல்லூரி நிர்வாகம் பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு சான்றிதழ் படிப்பாம், தர உறுதி என்று பேராம். டிகிரி இருந்தால்தான் சேர முடியும். கல்லூரி ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, குறையை எப்படிச் சரிசெய்வது, அதை எப்படி எழுதிவைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். சனிக்கிழமையானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

தரத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? சரவெடி கட்டி முடிந்ததும் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பொட்டலில் கொளுத்துவேன். எத்தனை வெடித்தது, எத்தனை நமுத்தது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். இதை அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"அதேதாண்ணே இதுவும். வெடிக்காதது ஏன் வெடிக்கலன்னும் எழுதி வைக்கணும், அம்புட்டுத்தான்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் பிடிக்காதது கூடிக்கொண்டே போனது. முதல்வர் எந்த ஃபைலையும் முதலில் அவனிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார். கல்யாண வீடுகளில் பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று அவனைச் சுற்றி நின்று கேட்டார்கள். இந்த வயசிலும் உங்க தம்பி பரீட்சை எழுதுறாகளே என்று என் வீட்டுக்காரியே சொன்னாள். நான் சனிக்கிழமையாகப் பார்த்து, அவனுக்கு வகுப்பு நடக்கிற நேரத்தில் போன் போட்டு, ஹாஸ்டல் மோட்டார் ஓடுதா பாருலே என்பேன். இந்தா போறேண்ணே என்று ஓடுவான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வருஷம்தான் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் போடுகிற கிரேடைப் பொறுத்துத்தான் பிள்ளைகள் சேருவார்கள். குழுவுக்கு யார் பதில் சொல்வது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். நான் இருக்கும்போது அவன் எதற்கு, நானே பேசுகிறேன் என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

பட்டாசுக் கம்பெனியில் ஆபீசர் வருகிறார் என்றால், கண்ணில் படக்கூடாததையெல்லாம் முதலில் அப்புறப்படுத்துவோம். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வழி அது. குழு வருவதற்கு முந்தின நாள் தம்பி வேலையாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தான். அவன் அலமாரியைத் திறந்தால் ஒரு பெரிய கட்டு, அத்தனையும் மாணவர்கள் எழுதிய புகார். இதைப் போய் யாராவது வைத்துக்கொண்டிருப்பார்களா? சாக்கில் போட்டு என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். கல்லூரியைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். அவன் அலமாரி காலியாகக் கிடந்ததைப் பார்க்க மனசு குளிர்ந்ததும் உண்மை.

குழுவில் மூணு பேர். தலைவர் ஒரு கேரளத்து அம்மா, தமிழ் நன்றாகப் பேசினார். நான் நடுவில் உட்கார்ந்தேன், தம்பி ஓரத்தில், தன் அலமாரிக்குப் பக்கத்தில். பதினோரு வருஷத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று சொல்லி நிமிர்ந்தேன்.

அந்த அம்மா பேனாவை மூடினார். "இத்தனை பிள்ளைங்க படிக்கிற இடத்துல ஒரு புகாரும் இல்லைன்னா, கேட்க ஆளில்லைன்னு அர்த்தம்" என்றார்.

தம்பி அவசரமாக எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான். அப்படியே நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. ஆனால் அந்த அம்மாவிடம், இங்கேதான் வைத்திருந்தேன், கவனக்குறைவு, என் தப்புதான் என்றான்.

அந்தப் பழியையும் அவனே வாங்கிக்கொள்ளப் பார்த்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் தப்பு இல்லம்மா. நாந்தான் எடுத்து கார்ல வச்சிருக்கேன்" என்று எழுந்தேன். சாக்கை நானே தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன்.

ஒவ்வொரு புகாரோடும் தம்பி கையெழுத்தில் ஒரு தாள் குத்தியிருந்தது, என்ன செய்யப்பட்டது என்று. அந்த அம்மா ஒன்றைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டாம் வருஷப் பெண்கள் எழுதியது. செயலாளர் பாதி வகுப்பில் வந்து, தான் முன்னுக்கு வந்த கதையை அரைமணி நேரம் பேசுகிறார், பாடம் முடிய மாட்டேன் என்கிறது. அதோடு குத்தியிருந்த தாளில்: மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அரங்கில் பேச ஏற்பாடு செய்யப்பட்டது, அதன்பின் அவர் வகுப்புகளுக்குள் வருவதில்லை.

வகுப்பில் ஐம்பது பேர்தான் கேட்கிறார்கள், அரங்கில் வைத்தால் முந்நூறு பேர் கேட்பார்களே அண்ணே என்று சொல்லித்தான் அவன் அந்த வெள்ளிக்கிழமையை எனக்குக் கொடுத்தான். எனக்குச் செய்த மரியாதை என்று ஒன்றரை வருஷமாக நம்பியிருந்தேன்.

"நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நிப்பாட்டிட்டேன்" என்றேன். அன்றைக்கு என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. மற்றதெல்லாம் தம்பியிடம்தான் கேட்டார்கள்.

கிரேடு உயர்ந்தது. மாலை இரண்டு பேருக்கும் விழுந்தது. அவனுக்குப் போட்டது பெரிசு.

படிப்பு முடிந்ததும் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். தங்க எழுத்தில் அவன் பெயர். பரீட்சையில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். பரீட்சை மட்டும் இல்லையாம், சொந்தக் கல்லூரியில் ஒரு குறையைத் தீர்த்த கதையைக் கட்டுரையாகவும் எழுத வேண்டுமாம். அந்த வெள்ளிக்கிழமையை எழுதினானாம்.

"என்னப் பத்தியா?"

"பேரு போடலண்ணே. செயலாளர்னு மட்டுந்தான் போட்டேன்" என்று பயந்துகொண்டே சொன்னான்.

சான்றிதழில் இருந்த அவன் பெயரை இன்னொரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"ஏலே, பேரப் போட்டிருக்கலாம்ல" என்றேன்.