அவசரம் துடைத்த வரிசை

'அவசரம்' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வாயிலிருந்து. தன் மகன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னாள்: "பொண்ணு தங்கம்க்கா. டீய மட்டும் ஆறவே விடமாட்டேங்குறா. அவங்க வீட்லயே அவளுக்கு அவசரம்னுதான் பேராம்."

கல்யாணம் முடிந்து, தங்கை வீட்டில் போய்த் தங்கியபோது நானே பார்த்தேன். பெயருக்கு வஞ்சனை செய்யாதவள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். செருப்பு வாரை மாட்டாமலே படி இறங்குவாள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுவாள். நாம் பேசி முடிக்கும் முன் "ம், புரிஞ்சுது" என்று எழுந்துவிடுவாள். பாதி நாள் புரிந்திருக்காது.

சாப்பாட்டு மேஜையின் ஒரு முனைதான் அவளுக்கு ஆபீஸ். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வெப்சைட்டை அங்கிருந்து கவனித்துக்கொண்டாள். சேர்ந்து சில மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சைட் திறக்கவே நேரமாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்ததால் அதற்கு ஒரு மெமரி ஸ்டோர் அமைத்தாள். அது என்னம்மா என்று கேட்டேன்.

"டேட்டாபேஸ் பரண் மாதிரி, பெரியத்தை. ஒவ்வொண்ணுக்கும் ஏணி போட்டு ஏறணும். இது அடுப்புப் பக்கத்துல இருக்குற உப்பு டப்பா. கைய நீட்டினா வந்துரும்."

"கரண்ட் போனா?"

"டப்பா காலி!" என்று சிரித்தாள்.

"என் டப்பா இப்பவே காலி. கடைக்கு யாரு போறது?" என்றாள் என் தங்கை உள்ளேயிருந்து.

அந்த டப்பாவில் தனித்தனி அறைகள் உண்டாம். டாக்டர்கள் வரும் நேரம் போல எல்லோரும் கேட்பவை ஓர் அறையில். நோயாளிகளின் போனுக்குப் போகக் காத்திருக்கும் செய்திகள் வேறோர் அறையில். இவள் எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டிருந்தாள். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

ஒரு மதியம், பெரிய டாக்டர் மறுநாள் வரமாட்டார் என்று தகவல் வந்தது. ஆபரேஷனுக்கு வரவேண்டியவர்களுக்கு 'வர வேண்டாம்' என்ற செய்தியை மாலையில் போகும்படி வரிசையில் ஏற்றினாள். சைட்டோ டப்பாவில் இருந்த பழைய நேரத்தையே காட்டியது. பழையதைத் துடைக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினாள். அது அறையையே துடைத்துவிட்டது. காத்திருந்த செய்திகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த அவள் புருஷன் எட்டிப் பார்த்தான். "காலியா இருந்தா எல்லாச் சேதியும் போய்ச் சேந்துருச்சுன்னுதான் நெனப்பாங்க. சத்தமில்லாம திரும்ப ஏத்திவிடு. உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காத."

"ஆபரேஷன்காரங்க பேரு பரண்ல இருக்கு, ஏத்திருவேன். காலையிலேருந்து கவுண்டர்ல இருக்குறவங்க கையால அடிச்சது? யாருக்கு, என்ன சேதின்னு அவங்களக் கேட்டாத்தான தெரியும்?"

"மாட்டிக்குவ."

"நான் மாட்டினா வீட்ல உக்காருவேன். சேதி போகலைன்னா, கண்ணு தெரியாதவங்க சோறு தண்ணி இல்லாம வந்து வாசல்ல நிப்பாங்க."

போனை எடுத்தாள். மேனேஜரிடம் அவள் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான்தான் சார் துடைச்சேன். என் தப்புதான்." அவர், கவுண்டரில் எல்லாவற்றையும் மறுபடி அடிக்கச் சொல்வதாகவும், காலையில் நேரில் வரும்படியும் சொன்னாராம். அன்று அவள் டீ ஆறி, ஏடு கட்டிக் கிடந்தது.

வேலை போகவில்லை, நிரந்தரமாகவும் இல்லை. வீட்டிலிருந்து பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் அந்த ஆஸ்பத்திரியில், கவுண்டருக்குப் பின்னால் போட்ட மேஜையில் இருக்கிறாள். போன வாரம் கண் காட்டப் போனபோது பார்த்தேன். துடைக்கிற வரி ஒன்றைத் தட்டிவிட்டு, என்டரை அழுத்தாமல், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.