வியாழக்கிழமைக்கு வைத்த மா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். முன்னே வரவேண்டியது பின்னே வரும், சிலது மறந்தும் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் இவ்வளவும் பேசியிருக்க மாட்டேன். தாள் என்றால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. பகல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அவித்த கரட், அவித்த போஞ்சி, ஒரு கைப்பிடி கடலை. மூடியில் ‘அத்தை, புதன்’ என்று ஒட்டியிருந்தது. திறந்ததும் செவனம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நான் இருப்பது பதுளையில், மகன் வீட்டில். இங்கே பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கும். வாரம் முழுக்க யார் என்ன சாப்பிடுவது என்று மருமகள் ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுவாள். அன்றைக்கே நறுக்கி, அவித்து, ஆள் பெயர் ஒட்டி அடுக்கியும் வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. விடிந்ததும் கந்தோர் வேலைக்கு ஓடுகிற பிள்ளை, பொழுது சாய்ந்து முதுகு வலியோடு வருகிறாள். ஆனால் புதன்கிழமைக்கு என்ன பசிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையே அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தத் தாளில் வியாழனுக்கு நேரே ‘பாரம்பரிய உணவு’ என்று இருக்கும். முதல் தடவை படித்தபோது ஏதோ கோயில் படையல் என்று நினைத்தேன். பார்த்தால் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும்! அதைத்தானே தோட்டத்தில் காலையும் ராத்திரியும் தின்றோம். எங்களுக்கும் வாரத் திட்டம் இருந்தது. அதைத் தோட்டத்து ஸ்டோரில் போட்டுக் கொடுத்தார்கள். கோதுமை மா வந்தால் ரொட்டி, அரிசி வந்தால் சோறு. பசறைச் சந்தைக்குப் போய் வந்த ஞாயிற்றுக்கிழமை கருவாடு. யோசிக்கிற வேலையே எங்களுக்கு வைக்கவில்லை.

தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த அறைகளில், எங்களுக்கு அடுத்த காம்பரா செவனம்மாவுடையது. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். அவள் அடுப்பில் ரொட்டி கருகினால் நான் இருமுவேன். அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு இழுபறியாக இருந்தாலும் ராத்திரி ரொட்டி சுடும்போது வீட்டு ஆட்களுக்குப் போக ஒன்று கூடுதலாகச் சுட வேண்டும். யாராவது வருவார்கள். மேட்டு லயத்தில் இருந்து சொந்தக்காரர், பஸ்ஸைத் தவறவிட்டவர், புருசனோடு கோபித்துக்கொண்டவள், யாராவது. அந்த ரொட்டி மிஞ்சிப்போனால்தான் வெட்கம். மறுநாள் கொழுந்து பறிக்கிற மலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அதைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். செவனம்மா விடமாட்டாள். “என்னாடி, நேத்து ஒங்க வீட்டுப் பக்கம் ஒரு நாயிகூட எட்டிப் பாக்கலியா?” என்பாள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே வாசலில் நின்று, போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்த நாளெல்லாம் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அவள் இங்கே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் கண் கிளினிக், அது முடிந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். என் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்து, நான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன். மூடியில் ஒட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

“என்னா இது, வார்டுல குடுக்கிற மாதிரி பேரு போட்டிருக்கு? ஒன்னயும் இங்க அட்மிட் பண்ணிட்டாங்களா?”

திறந்து பார்த்தாள். மெதுவாக மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய் வியாழக்கிழமைக்கு அளந்து வைத்திருந்த மாவை எடுத்துப் பிசைந்துவிட்டேன். ரொட்டி சுட்டோம், சம்பல் இடித்தோம், பழைய கங்காணி நடப்பதைப் போல அவள் நடந்து காட்ட வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கே தெரியாமல் கை ஒரு ரொட்டியைக் கூடுதலாகச் சுட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மருமகள் வந்தாள். கையில் குடை, முகத்தில் களைப்பு. மா டின்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

“வாங்க,” என்று செவனம்மாவிடம் சொன்னவள் என் பக்கம் திரும்பினாள். “அத்த, வாறாங்கன்னு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே.”

கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடச் செவனம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பாள். பசறை பஸ் போய்விடும் என்று எழுந்தாள். “வேலக்கிப் போற புள்ள, திட்டம் போட்டாத்தானே ஆகும்,” என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள். மிஞ்சிய ரொட்டியை மருமகள் சின்ன டப்பா ஒன்றில் போட்டு, ‘வெள்ளி, காலை’ என்று ஒட்டினாள்.

நல்ல பிள்ளை, அவளுக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வாரத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘ஞாயிறு பகல், விருந்தினர்’. எனக்குச் சந்தோசம். உடனே பேத்தியின் போனில் செவனம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வேலையை விட்டு நின்றாலும் ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள்.

“ஞாயித்துக்கெழம மலைக்கிப் போவேன், கிளினிக்கு புதன்கெழம. யாரத் திட்டத்த மாத்தச் சொல்ல, டாக்டரயா, கங்காணியயா?” என்றாள். நான்தான் முதலில் சிரித்தேன். அவள் கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தாள்.

பிறகு அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் டப்பாவைப் பேத்தி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிறாள். மிஞ்சிப்போனால் வெட்கப்பட இப்போது யாரும் இல்லை.

அந்தக் கூடுதல் ரொட்டியை முதலில் சுடுவோமா கடைசியில் சுடுவோமா என்பது எனக்கு மறந்துவிட்டது. செவனம்மாவுக்குத் தெரியும். பசறைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளிடம் கேட்டு, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவளே வந்து சொன்னாலும் நல்லதுதான். புதன்கிழமையே வரட்டும்.